செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர் விமானம்

உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். நீங்களும் மரியாதையாகக் கைதட்டி, ஒரு பூங்கொத்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை விமானமும் கொடுத்து அனுப்பினீர்கள். ஆனால் கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் கேட்ட கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மேடம், லாபத்துல ஓடிட்டிருந்த ஒரு சின்ன ஏர்லைன்ஸ் எப்படி மூழ்கும்?" என்று அவள் கேட்டாள். நான் எரிபொருள் விலை, டாலர் மதிப்பு, அரசாங்கக் கொள்கை என்று எல்லோரும் சொல்வதையே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பொம்மை விமானத்தை டிவி மேல் வைத்த பிறகுதான் உண்மையான பதில் வந்தது. மூழ்குவதற்கு லாபம் ஒரு தடையே இல்லை அம்மா. எங்கள் கம்பெனியை உதாரணமாகச் சொல்கிறேன். அதில் பாடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் சிரிக்க முடியாமல் போனதற்கும் சேர்த்து.

தொண்ணூறுகளின் நடுவில், தனியாரும் விமானம் விடலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்ட காலம். அதுவரை பெங்களூரில் பணம் சேர்ந்தவர்கள் கல்யாண மண்டபம் கட்டுவார்கள், கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் என்ஜினியரிங் காலேஜ் கட்டுவார்கள். எங்கள் சேர்மன் கிரானைட் ஏற்றுமதி செய்தவர். அவர் விமானம் வாங்கினார். வாங்கினார் என்பது பேச்சுக்கு. இரண்டு பழைய புரொப்பல்லர் விமானங்களை வாடகைக்கு எடுத்தார். அவற்றில் அவருக்குச் சொந்தமானது வெளியே அடித்த பெயின்ட் மட்டும்தான். ஆபீஸ் ஆஸ்டின் டவுனில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. கீழே பஞ்சர் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், மேலே நாங்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருப்போம்.

திட்டப் பிரிவு என்று ஒன்று இருந்தது. நான்தான் அந்தப் பிரிவு. எந்த ஊருக்கு, எந்த நேரத்தில், எத்தனை தடவை பறக்கலாம் என்று சொல்வது என் வேலை. சொன்னதற்குப் பிறகு சேர்மன் தன் விருப்பப்படி முடிவு செய்வார்.

மூன்று ஊர்களுக்குப் பறந்தோம். ஒன்று ஹூப்ளி. அதில் வரவும் செலவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. இன்னொன்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சேர்மனின் சம்பந்தி ஹோட்டல் வைத்திருந்தார் என்பதைத் தவிர நாங்கள் போவதற்கு வேறு காரணம் இல்லை. மூன்றாவது கோயம்புத்தூர். அதுதான் மற்ற இரண்டுக்கும் சோறு போட்டது. அதிலும் செவ்வாய்க்கிழமை காலை விமானம்தான் கம்பெனியின் அடுப்பை எரித்தது. அது போனால் கம்பெனி போச்சு. இதை நான் எத்தனை மீட்டிங்கில் சொன்னேனோ, சொல்லும்போதெல்லாம் யாராவது டீ ஆர்டர் செய்துகொண்டிருப்பார்கள்.

ஏன் செவ்வாய்க்கிழமை? பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் பட்டறைகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் வாரத்து மின்வெட்டு. மெஷின் ஓடாது. முதலாளிக்கும் வேலை இருக்காது. அவர்களுக்கு வேண்டிய வார்ப்பு இரும்பு உருப்படிகள் கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில்தான் வார்க்கப்பட்டன. சும்மா இருக்கிற ஒரே நாளில் போய், சரக்கைப் பார்த்து, சண்டை போட்டு, சமாதானமாகிவிட்டு வருவார்கள். முன்பெல்லாம் திங்கள் ராத்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களை விமானத்துக்கு இழுத்தது விளம்பரம் இல்லை, ஜெசிந்தா.

ஜெசிந்தா எங்கள் ஏர்போர்ட் கவுண்டர் பொறுப்பாளர். லிங்கராஜபுரத்துக்காரி. வீட்டுக்காரருக்கு வேலை போய் அவள் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் எதற்கும் பயப்படமாட்டாள் என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பயப்படுவாள், பயந்துகொண்டே செய்ய வேண்டியதைச் செய்துவிடுவாள். பீன்யாக்காரர்களுக்கு முன்கூட்டி புக் செய்கிற வழக்கமே கிடையாது. திங்கள் சாயங்காலம் பட்டறையைப் பூட்டுகிற வரை போகிறோமா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது. செவ்வாய் விடிந்ததும் நேராகக் கவுண்டருக்கு வருவார்கள், ரொக்கத்தைக் கொடுப்பார்கள், ஏறுவார்கள். சீட்டு இருக்கும் என்று ஜெசிந்தா முதல் தடவை வாக்குக் கொடுத்திருந்தாள். அதன் பிறகு ஒரு செவ்வாயும் அவர்கள் திரும்பிப் போனதில்லை. அவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து அண்ணன். பம்புக்கு உதிரி பாகம் செய்கிறவர். முதலில் தனியாக வந்து, பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களையும் கூட்டி வந்தவர் அவர்தான். எங்கள் மார்க்கெட்டிங் பிரிவு செய்யாத வேலையை அவர் கமிஷன் கேட்காமல் செய்தார்.

எங்கள் வளர்ச்சிக்கு நான் ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருந்தேன். இதே அளவில் இன்னொரு சின்ன விமானம். போனவர்கள் அன்று மாலையே திரும்பி வர ஒரு சேவை. அவ்வளவுதான். சேர்மன் படித்துவிட்டு, "இதுல வளர்ச்சி எங்கம்மா இருக்கு? இதே ஆளுங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வர்றதா?" என்று கேட்டார். அவருக்கு ஜெட் வேண்டும். டெல்லி வேண்டும். பம்பாய் வேண்டும். அதற்குப் பணம் போட பம்பாயிலிருந்து ஒரு முதலீட்டுக் கம்பெனி ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் வைஸ் பிரசிடென்ட்டை அறிமுகப்படுத்த வேண்டும். இதற்கு முன் ஷாம்பு விற்றவர். விமானத்தில் சீட்டும் ஷாம்பு பாக்கெட்டும் ஒன்றுதான், இரண்டிலும் நிரப்புவதுதான் விஷயம் என்று சேர்ந்த அன்றே எங்களுக்கு விளக்கினார். முதலீட்டுக்காரர் எங்கள் விமானத்தில் ஒரு தடவை பறந்து பார்க்க விரும்புகிறார் என்றதும், நிரம்பிய விமானத்தைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு யோசனை உதித்தது. எந்த விமானத்தை நிரப்புவது? கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். செவ்வாய் காலை கோயம்புத்தூர், புக்கிங் ஏறக்குறைய காலி. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாரத்திலேயே காலியான விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முழுக்க உத்தரவு வந்தது: நாளைக் காலை எல்லோரும் குடும்பத்தோடு ஏர்போர்ட் வர வேண்டும், கோயம்புத்தூர் போய்த் திரும்பலாம், இலவசம்.

நான் அவர் அறைக்கு ஓடினேன். அந்த விமானம் காலி இல்லை, திரையில்தான் காலி, காலையில் ஆட்கள் வருவார்கள் என்று சொன்னேன். அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். பெயர் இல்லாத பயணியை எந்த வியாபாரத்தில் கணக்கில் எடுப்பார்கள் என்று கேட்டார். சேர்மனிடம் போனேன். "சும்னே பயமுறுத்தாதம்மா. புக் பண்ணாதவன் எல்லாம் பாசஞ்சரா?" என்றார் அவர், கன்னடம் கலந்து. பீன்யாவுக்கு போன் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பட்டறையும் பூட்டியாகிவிட்டது.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். திரையில் தெரிகிற பயணியை வாட்ச்மேனுக்கும் தெரியும். திரையில் தெரியாதவனைத் தெரிந்து வைத்திருக்கத்தான் திட்டப் பிரிவுக்குச் சம்பளம்.

மறுநாள் காலை ஏர்போர்ட்டுக்குப் போனால் வளைகாப்பு வீடு மாதிரி இருந்தது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, எவர்சில்வர் டிபன் கேரியர். வியாபார விஷயமாகப் பறக்கிறவர்கள் போல உடுத்தி வாருங்கள் என்று வைஸ் பிரசிடென்ட் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை. முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறவர்கள், இருப்பதிலேயே நல்லதை உடுத்தி வந்திருந்தார்கள். அதில் என்ன தப்பு? வைஸ் பிரசிடென்ட்டின் மனைவி, மாமனார், மாமியார், அவர்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுத் தம்பதி ஆகியோர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்வரிசைப் பக்கமாகச் சீட்டு.

சற்று நேரத்தில் நாச்சிமுத்து அண்ணன் வந்தார். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மணி, எப்பவும்போலத்தானுங்க" என்று அவர் பணத்தை எடுத்தார்.

சீட்டு இல்லை என்று ஜெசிந்தா சொன்னதை அவர் முதலில் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை மெதுவாக அந்தப் பட்டுப்புடவைகள் பக்கம் போனது. கோபப்படவில்லை. "சொல்லியிருந்தா ராத்திரியே பஸ்ஸு ஏறியிருப்பமேங்க. இன்னிக்கு விட்டா இனி அடுத்த வாரந்தானுங்க எங்களுக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜெசிந்தா வைஸ் பிரசிடென்ட்டிடம் போய், சில குடும்பங்களை நிறுத்திவிட்டு இவர்களை ஏற்றலாம் என்று கேட்டாள். ஒரு சீட்டைக்கூடத் தொடக் கூடாது, முதலீட்டுக்காரர் வந்துவிட்டார் என்றார் அவர். அவருக்கு விளங்கும்படி நானும் சொல்லிப் பார்த்தேன்: எப்படியும் விமானம் நிரம்பத்தான் போகிறது, காசு கொடுத்தவர்களால் நிரம்பினால் என்ன நஷ்டம்? யோசித்தார். யோசித்துவிட்டு, காசு கொடுக்கிறவர்கள் நம் கட்டுப்பாட்டில் இருக்கமாட்டார்கள் என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது, பிறகு சொல்கிறேன்.

ஜெசிந்தா திரும்பி வந்தாள். "மெமோ குடுத்தா குடுக்கட்டும் மேடம், பர்வாயில்ல. இவங்களுக்கு வாக்குக் குடுத்தது நானு" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய், எங்கள் குடும்பங்களுக்கு நடுவில் நின்று, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். டிக்கெட் வாங்க வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள், யாராவது இடம் விட்டால் நன்றாயிருக்கும், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

வைஸ் பிரசிடென்ட்டின் மாமனார் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு ஆபீஸ் டிரைவரின் மனைவி எழுந்தாள். இரண்டு மகள்களையும் எழுப்பினாள். ஆஸ்டின் டவுனில் அவர்கள் இருந்த தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள். "இன்னொரு செவ்வாக்கெழம போய்க்கலாம், இல்லக்கா?" என்று போர்டிங் கார்டுகளை நீட்டினாள். ஆமாம் என்று நான்தான் சொன்னேன். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு கடைநிலை ஊழியர்களின் வீட்டார் எழுந்தார்கள். வைஸ் பிரசிடென்ட் பக்கத்தில் ஒருவரும் எழவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த முன்வரிசை மேல் எனக்குக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

கிடைத்த சீட்டுகளில் நாச்சிமுத்து அண்ணனும் இன்னும் ஆறேழு பேரும் ஏறினார்கள். மீதிப் பேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அதற்குப் பிறகு எங்கள் கவுண்டரில் நான் பார்க்கவில்லை.

விமானம் கிளம்பியது. முதலீட்டுக்காரர் இளைஞர். பம்பாயிலிருந்து வந்தவர், ஆங்கிலம் தவிர எதுவும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் அவருக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தோம். கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அவரே நடுவில் ஒரு சீட்டு கேட்டு வாங்கியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் விதி நாச்சிமுத்து அண்ணனை உட்கார வைத்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஜீவனஹள்ளியிலிருந்து வந்த எங்கள் கேஷியரின் மனைவி. நான் பின்னால். சேர்மனும் வைஸ் பிரசிடென்ட்டும் முன்னால், நிரம்பிய விமானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேகத்துக்கு மேலே போனதும் டிபன் கேரியர்கள் திறந்தன. எலுமிச்சம்பழச் சாதம் வரிசை வரிசையாகக் கை மாறியது. முன்பின் தெரியாத பயணிகள் என்று நாங்கள் காட்டியவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊறுகாய் கேட்டார்கள். இரண்டு பேர் எழுந்துபோய்ச் சேர்மனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்கள். கேஷியரின் மனைவி நல்ல மனசுக்காரி. பக்கத்தில் ஒரு பையன் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காகிதத் தட்டில் சாதத்தை வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க தம்பி. நீங்க எந்த செக்‌ஷன்?"

அந்த இளைஞர் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நான் இன்னும் சேரலைங்க" என்றார், சுத்தமான தமிழில்.

பம்பாயில் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அதற்குப் பிறகு நாச்சிமுத்து அண்ணனுக்கு வசதியாகிவிட்டது. மின்வெட்டில் ஆரம்பித்து, வார்ப்பில் இருக்கும் கோளாறு, ராத்திரி பஸ், ஜெசிந்தா, அன்று காலை கவுண்டர் என்று எதையும் விடாமல் கோயம்புத்தூர் வரும்வரை சொல்லி முடித்தார். காசு கொடுக்கிறவர்கள் நம் கட்டுப்பாட்டில் இருக்கமாட்டார்கள் என்று வைஸ் பிரசிடென்ட் சொன்னது இதைத்தான்.

கோயம்புத்தூரில் திரும்பும் விமானத்துக்குக் காத்திருந்தபோது அந்த இளைஞர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கம்பெனி எப்படி வளரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார். சேர்மன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் டிரைவரின் மகள்கள் நடந்துபோனதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு சின்ன விமானம், அதே ஊர், மாலையில் திரும்பி வர ஒரு சேவை, வேறெதுவும் வேண்டாம், ஜெட் வந்தால் செத்துப்போவோம் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதுதான் சரி மேடம்" என்றார்.

ஐந்து நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு அவர் வருத்தமாகச் சிரித்தார்.

"ஆனா ஒரு சின்ன ப்ளேனுக்கு வேண்டிய பணம் ரொம்பக் கம்மி. அவ்வளவு கம்மியா நாங்க குடுக்கறதில்ல. இதையே பெரிசா கேட்டாத்தான் எங்க ஆபீஸ்ல ஃபைல் நகரும்."

நாங்கள் அவருக்கு நிரம்பிய விமானத்தைக் காட்டினோம். அவர் தன் மேலிடத்துக்குப் பெரிய கனவைக் காட்ட வேண்டியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பொய்யை நம்பி ஏமாந்தவரும் இல்லை. உண்மை சின்னதாக இருந்ததுதான் அவருக்குப் பிரச்சினை. லாபத்தைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ பாடம் நடத்தியிருப்பார்கள். லாபம் ரொம்பச் சின்னது என்ற குற்றத்துக்காக ஒரு கம்பெனிக்கு மரண தண்டனை கிடைக்கும் என்று யாராவது சொன்னார்களா?

பணம் வந்தது. ஜெட் வந்தது. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வரவேற்றோம். வைஸ் பிரசிடென்ட் சீனியர் வைஸ் பிரசிடென்ட் ஆனார். ஜெசிந்தாவுக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, மீட்டிங்குக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைகளில் நாச்சிமுத்து அண்ணன் வந்தார், கூட ஓரிருவர். கூட்டம் குறைந்துவிட்டது என்று திரையே சொன்னது. இந்தத் தடவை திரை சொன்னது உண்மை. சீட்டு இருக்குமா என்று யோசிக்க வைத்துவிட்டால் அவர்கள் பஸ்ஸுக்குத்தான் போவார்கள். பஸ்காரன் அவர்களை யோசிக்க வைத்ததில்லை. பிறகு காலையில் டெல்லி விமானத்தைக் கவனிக்க ஊழியர்கள் போதவில்லை என்று கோயம்புத்தூரை மதியத்துக்குத் தள்ளினார்கள். மதியம் போய் என்ன செய்வது? பிறகு வாரத்தில் சில நாள் மட்டும் என்றார்கள். அந்தச் சில நாளில் செவ்வாய் இல்லை. டிரைவரின் மனைவிக்கு நான் சொன்ன இன்னொரு செவ்வாய்க்கிழமை வரவே இல்லை.

டெல்லி விமானம் உண்மையிலேயே நிரம்பித்தான் போனது. அந்தப் பெருமையை மறுக்கமாட்டேன். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட்டு விலையைக் குறைத்தோம், ஏறியவர்கள் ஒவ்வொருவருக்கும் கையிலிருந்து காசு போட்டு டெல்லிக்கு அனுப்பிவைத்தோம். அப்படிப்பட்ட உபசரிப்பு நெடுநாள் தாங்காது. ஜெட்டை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசிச் சில மாதச் சம்பளம் இல்லாமலேயே நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனோம். டயர் கடை மட்டும் அங்கேயே இருந்தது. சேர்மன் கிரானைட்டுக்குத் திரும்பினார். சீனியர் வைஸ் பிரசிடென்ட் வேறொரு ஏர்லைன்ஸில் பிரசிடென்ட் ஆகிவிட்டார். நம் தொழிலில் அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

சில வருடங்கள் கழித்து, ஜெசிந்தாவின் மகள் நிச்சயதார்த்த விஷயமாக நாங்கள் இருவரும் கோயம்புத்தூர் போக வேண்டி வந்தது. அவள் அப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தாள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலை ரயிலில் ஏறினோம். அன்று செவ்வாய்க்கிழமை என்பது பெட்டிக்குள் போன பிறகுதான் உறைத்தது. பாதிப் பெட்டி பீன்யா. சீட்டுக் கட்டு ஒரு பக்கம், இட்லிப் பொட்டலம் ஒரு பக்கம். நாச்சிமுத்து அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்திலிருந்தவர்களை நகரச் சொல்லி எங்களை உட்கார வைத்தார்.

வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி எல்லாம் விசாரித்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, நம்ம ப்ளேன் என்னாச்சுங்க? நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு?"

நம்ம ப்ளேன் என்று அவர் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. எங்கள் சேர்மன்கூட ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் எரிபொருள் விலையில் ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா பதில் சொன்னாள்.

"வளந்துடுச்சுண்ணா."

அவர் சிரிக்கவில்லை. பட்டறை நடத்துகிறவர், அக்கம்பக்கத்தில் இப்படி வளர்ந்து மூடியதை எத்தனையோ பார்த்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் பக்கம் நகர்த்தினார். பழக்க தோஷம், நான் எழுந்து நின்று பெட்டியை ஒரு முறை பார்வையிட்டேன். ஓர் இடம்கூடக் காலியில்லை. எல்லோரும் டிக்கெட் வாங்கியவர்கள்.